கம்பம்மெட்டில் நான் சொன்ன சாட்சி

சபையை விட்டு வெளியேறுகிறவனுக்கு ஒரு மிதப்பு வரும். லாட்டரி விழுந்தவனுக்குக்கூட அப்படி வராது. அவனுக்காவது சொந்தக்காரர்களிடமிருந்து ஒளிந்துகொள்கிற வேலை இருக்கிறது; வெளியேறியவனுக்குத் தன்னைத்தானே ரசிப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது. அனுபவஸ்தன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. சித்திரபுரத்தில், மூணாறு போகும் சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தும் இடத்தில், ஏலக்காய், மிளகு, 'வீட்டில் செய்த' சாக்லேட் விற்கும் கடை வைத்திருந்தேன் (எந்த வீட்டில் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பெட்டியில் வரும்). கூட்டம் இல்லாத நேரத்தில் கைபேசியில் பிரசங்கம் கேட்பேன். அமெரிக்காவில் எவனோ எவனையோ திட்டுவதை ஒருவர் தமிழாக்கிக் கத்துவார். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிக் கேட்டதில், உலகத்துச் சபைகளில் எது சரி, எது தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சம்பளமில்லாத உத்தியோகம் என்பதால் முழு மூச்சாகப் பார்த்தேன்.

நாங்கள் தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தது, நடக்கிற தூரத்தில் பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைச் சரிவில் இருக்கும் கோவிலுக்கு. (திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய புராட்டஸ்டண்ட் தமிழர்கள் நாங்கள். சர்ச்சைக் 'கோவில்' என்போம், போதகரை 'ஐயர்' என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். குழம்பட்டும்.) கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அங்கே என் அப்பா இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடக்கும். அது அம்மாவுடையது. அம்மா கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள், பெயர் அன்னம்மாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்தக் காலி இடத்தில் களை பிடுங்குவாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் அந்தத் துண்டை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. சபையில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தோட்டத்தில் இடம் உண்டு. இது ஊருக்கே தெரிந்த விதி. எனக்கு மட்டும் தேவையான நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

எங்கள் ஐயர் நிறையப் படித்தவர். அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான். ஓணத்துக்குக் கோவில் வாசலில் பூக்களம் போட்டார். சுற்றுச்சூழல் ஞாயிறு என்று ஒன்றைக் கொண்டாடி, ஒரு மரக்கன்றைப் பீடத்தின் முன்னால் வைத்தார். நாங்கள் பாடினோம், மரக்கன்று கேட்டுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிறு, கர்த்தரிடமிருந்து ஓடிப்போய் மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்த யோனாவைப் பற்றிப் பேசினார். "மீன் முழுங்குச்சா, முழுங்கலையான்னு நம்ம சண்டை போட வேண்டாம். அது ஒரு உவமையாவே இருந்துட்டுப் போகட்டும். யோனா எதுக்கு ஓடுனான், நம்ம எதுக்கு ஓடுறோம்? அதைக் கேப்போம்" என்றார். பெண்கள் பக்கம் ஆமோதித்துத் தலையாட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. உவமையாம்! மீனை எடுத்துவிட்டால் யோனாவில் என்ன மிச்சம்? மீன் இல்லாத மீன்குழம்பு என்று அன்று கடைக்கு வந்த ஒரு சுற்றுலாக்காரரிடம் அரைமணி நேரம் விளக்கினேன். (அவர் குஜராத்தி. மீனே தொடாதவர்.)

அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் கோவிலில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். பூசணி, வாழைத்தார், சேனைக்கிழங்கு எல்லாம் வரிசையாக இருந்தன. தூணில் ஒரு சேவல் கட்டியிருந்தது. அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்தேன். கடைக் கண்ணாடியின் முன்னால் நின்று பயிற்சி செய்த பேச்சு. வேதத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாத சபையில் இனி ஒரு கணமும் இருக்க மாட்டேன் என்றேன். சத்தியத்தைக் கூறுபோட்டு விற்கும் சந்தை இது என்றேன். கடைசியில் கையை உயர்த்தி, "எங்கள் குடும்பத்தின் பெயரை இந்தச் சபையிலிருந்து அடித்துவிடுங்கள்!" என்றேன். சரியாக அப்போது சேவல் கூவியது.

வேதம் தெரிந்த கூட்டம் அது. சேவல் கூவினால் பேதுரு ஆண்டவரையே தெரியாது என்று சொன்ன கதைதான் யாருக்கும் ஞாபகம் வரும். கோவிலே குலுங்கியது. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, உக்காருங்க. ஏலம் ஆரம்பிக்கணும்" என்றார். உயிரைக் கொடுத்து இரத்தசாட்சியாகப் போக நின்றவனிடம் சொல்கிற வார்த்தையா இது? நான் விறுவிறுவென்று வெளியேறினேன். என் மனைவி ஜெபா தலையில் அடித்துக்கொண்டே பின்னால் வந்தாள். அம்மா வரவில்லை. ஏலத்தில் ஒரு சேனைக்கிழங்கை எடுத்துக்கொண்டு நிதானமாக வீடு வந்து சேர்ந்தாள்.

கிழங்கை அடுப்படியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏலே சாமு, எம் பேரையுமா அடிக்கச் சொன்ன?"

"குடும்பம்னா எல்லாரும்தாம்மா."

"அப்ப என் இடம்?"

அப்போதுதான் எனக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. ஆனால் புதிதாக ஞானம் பெற்றவன் எதற்கும் பதில் வைத்திருப்பான். "உயிர்த்தெழுதல நம்புறவங்களுக்கு எங்க பொதைச்சா என்னம்மா?" என்றேன்.

"எந்திரிக்கிறப்ப பக்கத்துல உங்கப்பா இருக்காரான்னு பாக்க வேண்டாமா? கண்ணாடி இல்லாட்டி அவருக்கு எதுத்தாப்புல நிக்கிறது ஆளா மரமான்னு தெரியாது. வழி தவறி எங்கயாவது போயிருவாரு."

என் கைபேசிப் பிரசங்கங்கள் எதிலும் அப்பாவின் கண்ணாடி வந்ததில்லை. அம்மா அரிவாள்மனையை இழுத்துப் போட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் வெங்காயத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன். பிறகு, "சரி, எந்தச் சபைக்கு வேணாலும் கூட்டிட்டுப் போ. ஆனா அங்க கல்லறை இருக்கணும்" என்றாள்.

இப்படியாக எங்கள் யாத்திரை தொடங்கியது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் சோம்பல் முறித்து வெளியே வருவேன். அம்மா அதற்கு முன்பே சேலை கட்டி, வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, தயாராக நிற்பாள். செருப்பில் ஈரப் புல் ஒட்டியிருக்கும். விடியற்காலமே எழுந்து தோட்டப் பக்கம் நடந்து ஜெபித்துவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் வைராக்கியம் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது என்று ஜெபாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஜெபா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

முதலில் போனது மூணாறில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் நடந்த சபைக்கு. டிரம்ஸ், கிட்டார், வர்ண விளக்கு. போதகர் கோட்டுப் போட்டிருந்தார். மூணாறு குளிருக்கு அதை மன்னிக்கலாம், கறுப்புக் கண்ணாடி எந்தக் குளிருக்கு என்றுதான் தெரியவில்லை. எல்லாரும் குதித்தார்கள். நானும் மரியாதைக்குக் கொஞ்சம் குதித்தேன். முடிந்ததும் அவரிடம் உபதேசத்தைப் பற்றிக் கேள்வி கேட்க நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஐயா, உங்க சபைக்குக் கல்லறை இருக்கா?"

"அம்மா, நாங்க ஜீவனைப் பத்திப் பேசுற சபை. மரணத்தைப் பத்திப் பேசுறதில்ல."

"நீங்க பேசாட்டா அது வராதாக்கும்?" என்றாள் அம்மா. நாங்கள் கிளம்பினோம்.

அடுத்தது, மருந்து மாத்திரையையே தொடாத ஒரு சபை. ஒரு வீட்டின் முன்னறையில் நடந்தது. விசுவாசம் என்றால் இதுவல்லவா என்று எனக்குப் புல்லரித்தது. போதகர் தெய்வீக சுகத்தைப் பற்றித் தும்மிக்கொண்டே பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் செய்தியையும் தும்மலையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன் (அந்த வாரம் முழுக்கப் படுக்கை, மாத்திரை போட்டுத்தான் எழுந்தேன்). அம்மா தன் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"கர்த்தரோட வருகை சமீபம்மா. அதுக்குள்ள நம்ம யாரும் சாக மாட்டோம்" என்றார் போதகர்.

"மழைக்கு முந்தி உங்க சித்தப்பா தவறிட்டாரே. அவரை எங்க வச்சீங்க?"

போதகர் மூக்கை உறிஞ்சினார். "உங்க பள்ளிவாசல் தோட்டத்துலதாம்மா. அவரு பேரு அங்கதான் இருந்துச்சு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த வசனத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நான் தேடிய சத்தியம் ஏலக்காய் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. கடைக்கு வேண்டிய காயைக் கம்பம்மெட்டில் ஒரு வியாபாரியிடம் வாங்குவது வழக்கம். தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் அவர் கிடங்கு. பேச்சுவாக்கில் அவர் ஒரு சிறு சபையின் மூப்பர் என்று தெரிந்தது. அங்கே போதகர் கிடையாது, மூப்பர்கள்தான். வாத்தியம் கிடையாது. கிறிஸ்துமஸ் கிடையாது. நகை கிடையாது. பெண்கள் முக்காடு போட வேண்டும், சபையில் வாய் திறக்கக் கூடாது. டிவி கிடையாது. இத்தனை 'கிடையாது'களை ஒன்றாகக் கேட்டதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. "யோனாவை மீன் முழுங்குனது?" என்றேன் நடுங்கும் குரலில்.

"முழுங்குச்சு" என்றார் மூப்பர். "எழுதியிருக்குல்ல? நாங்க ஒவ்வொரு வார்த்தையவும் அப்படியே எடுத்துக்குவோம். உவமை, கிவமை எல்லாம் இங்க கிடையாது தம்பி."

அவர் காலில் விழாத குறை. அடுத்த ஞாயிறே வீட்டாரைக் கூட்டிப்போனேன். அம்மாவின் கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது.

"கல்லறை இருக்கும்மா. ஏலத்தோட்டத்துக்கு மேல. ஆனா சிலுவை வைக்க மாட்டோம், பேரு எழுத மாட்டோம், பூவும் கிடையாது."

"அப்ப யாரு எங்க கிடக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"கர்த்தருக்குத் தெரியும்மா."

"அவருக்குத் தெரியும் சரி. எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "எங்க வீட்டுக்காரரைத் தோண்டி இங்க கொண்டாந்து வைக்க முடியுமா?" என்று கேட்டாள். மூப்பர் என்னைப் பார்த்தார். அப்பா விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அப்பாவை ஒரு மேசை நாற்காலி மாதிரி பேசியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூப்பர் விதியைச் சொன்னார். காலையில் அப்பம் பிட்குதல், அதாவது திருவிருந்து; அது சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். புதியவர்கள் மதியத்துக்கு மேல் கூட்டத்தில் எழுந்து, தான் எப்படிப்பட்ட பாவியாக இருந்து எப்படி மனந்திரும்பினேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி சபைக்குத் திருப்தியானால், மறுநாளே பழைய சபைக்கு நேரில் போய்ப் பெயரை எடுத்ததற்குச் சீட்டு எழுதி வாங்கி வர வேண்டும். அதன்பிறகுதான் சேர்த்துக்கொள்வார்கள். அதாவது நான் நன்றாகப் பேசினால் அம்மாவின் இடம் போச்சு. இது அம்மாவுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. எனக்கு நன்றாகப் பேச வேண்டும் என்பது மட்டுமே புரிந்தது.

சாட்சிக்கான ஞாயிறு வந்தது. வழியில் நெடுங்கண்டத்தில் ஜீப்பை ஓரம் கட்டி, ஜெபா தோட்டையும் வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள். தாலியைக் கழற்றச் சொன்னேன். "நீங்க போடாததைக் கழட்டச் சொல்ல நீங்க யாரு?" என்றாள். நான் போட்டதுதானே என்று நினைவூட்டினேன். அவள் அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

சபைக் கூடம் சிமெண்ட் தரையும் தகரக் கூரையுமாக, அலங்காரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர் சாட்சி சொன்னார். என் துரதிர்ஷ்டம் அங்கே ஆரம்பித்தது. அந்த மனிதர் செய்யாத பாவம் இல்லை. குடி, கத்திக்குத்து, சிறை, இரண்டு ஊரில் இரண்டு குடும்பம். அவர் ஒவ்வொன்றாக இறக்க இறக்கக் கூட்டம் "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று பொங்கியது. கிழவிகள் அழுதார்கள். அவர் உட்கார்ந்தபோது கூடமே ஈரமாக இருந்தது.

என் பாவங்களை அவசரமாக மனதுக்குள் புரட்டினேன். ஞாயிறு பள்ளித் தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. கோவிலில் பிரசங்க நேரத்தில் தூங்கியது. இதைச் சொல்லி யாரிடம் ஸ்தோத்திரம் வாங்குவது? (உண்மையில் இன்னொன்று இருந்தது. கடையில் பழைய ஏலக்காயைப் புதுசோடு கலந்து சுற்றுலாக்காரர்களுக்கு விற்பேன். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஏலக்காய் வியாபாரிகள்.)

எழுந்தேன். தாராளப் போக்குள்ள ஒரு சபையில் மீன் இல்லாமல் வளர்க்கப்பட்டேன் என்று தொடங்கினேன். ஒருவரும் அசையவில்லை. "அதனால் குடிகாரனானேன்" என்றேன். ஒரு மூலையில் "ஸ்தோத்திரம்" வந்தது. அந்த ருசி நாக்கில் பட்டதும் எனக்கு நிதானம் போய்விட்டது. மனைவியை அடித்தேன் என்றேன். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் ஜெபாவின் தோள் குலுங்கியது. "அழுறா பாருங்க, பாவம்" என்று ஒரு சகோதரி தேற்றினாள். (நான் ஒருத்தன்தான் அந்தக் குலுங்கலை அறிவேன். அவள் சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் இருக்கும்.) லாரி ஓட்டுநர் என்னை மரியாதையோடு பார்த்தார். அது போதாதா? கையை மேலே தூக்கி முழங்கினேன்: "இந்த மலைகளிலே நான் கஞ்சா வியாபாரம் செய்தேன்! எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கடத்தினேன்! என் கால் படாத காட்டுப் பாதை இல்லை!"

தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்தோத்திரம் மழையாகப் பெய்தது. நானே எனக்காக அழுதேன்.

ஓசை அடங்கியதும் மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மனந்திரும்புனதுக்குக் கனி வேணும். செஞ்ச குத்தத்தை மறைக்காம அதிகாரிங்ககிட்ட அறிக்கை பண்ணணும். கர்த்தர் அதுக்கும் வழி வச்சிருக்காரு பாருங்க. நம்ம பாபு பிரதர் எக்சைஸ்ல, கஞ்சா பிடிக்கிற டிபார்ட்மெண்ட்லதான் வேலை செய்றாரு" என்றார்.

பின்வரிசையிலிருந்து கட்டுமஸ்தான ஒருவர் எழுந்து வந்தார். மலையாளி. அன்பே உருவான முகம். என் தோளில் கையை வைத்தார். கை எடை அதிகம்.

"பிரதரே, ஒரு காரியம் கேக்கட்டே? ஏது வழியா கடத்தியது? போடிமெட்டு வழியா, நம்ம கம்பம்மெட்டு வழியா? கூட ஆரு உண்டாயிருந்தது? பேரு மாத்திரம் பறஞ்சா போதும். பயப்படண்டா, நானும் கூட ஸ்டேஷனுக்கு வரும்."

வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். "அண்ணாச்சி," என்றேன் மூப்பரிடம், "அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. நான் ஒரு... ஒரு அர்த்தத்துல..."

"என்ன அர்த்தத்துல?"

வேறு வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "உவமையா" என்றேன்.

"இங்க உவமை கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னேனே பிரதர்" என்றார் மூப்பர், கனிவாக.

ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் சபை வேண்டும் என்று மலைமலையாக ஏறி இறங்கியவன் நான். கிடைத்துவிட்டது. பாபு பிரதர் என் தோளிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

அப்போது பெண்கள் பக்கம் அம்மா எழுந்தாள். "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"ஸ்திரீகள் சபையில பேசக் கூடாதும்மா."

"சபையிலதான பேசக் கூடாது?" என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கூடத்தைச் சுற்றி வந்து, மூப்பருக்குப் பக்கத்துச் சன்னலில் வெளியிலிருந்து முகத்தை வைத்தாள். அங்கே நின்று பேசத் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை போலும்.

"சாரே, நல்லாக் கேட்டுக்கோங்க. இவன் எம் மவன். கஞ்சாவ இவன் கண்ணால பாத்ததில்ல. சின்னதுல அவங்கப்பா பீடிய ஒரு இழுப்பு இழுத்துட்டு மேலெல்லாம் வாந்தி எடுத்தான், நான்தான் குளிப்பாட்டுனேன். குடியாம்ல குடி! இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துதுன்னு படுத்துக்கிடுவான். காட்டுப் பாதையாம். அட்டைக்குப் பயந்து இவன் ஏலக்காட்டுக்குள்ள காலு வச்சதே கிடையாது. இருட்டுனா கொல்லைக்குப் போகப் பொண்டாட்டியத் துணைக்குக் கூப்புடுறவன், இவனா எல்லை தாண்டுவான்?"

பாபு பிரதரின் கை என் தோளில் மெல்ல இளகியது. "அப்போ சிஸ்டரை அடிச்சது?" என்று ஜெபாவைப் பார்த்தார். ஜெபா வாய் திறக்கக் கூடாதே. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டின வேகத்தில் முக்காடு நழுவியது. கண்ணீர் வழிய, முகம் சிவக்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேற்றிக்கொண்டிருந்த சகோதரி கையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன் மகன் முழு உத்தமன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "இவன் செய்ற தப்பு ஒண்ணே ஒண்ணுதான். கடையில பழைய ஏலக்காயப் புதுசோட கலந்து விக்கிறான்" என்றாள்.

கஞ்சாவுக்குப் பொங்கிய சபை இதற்கு உறைந்து போனது. எங்கிருந்தும் ஒரு ஸ்தோத்திரம் எழவில்லை. மூப்பரின் முகம் வெளுத்தது. "எங்க காயையா?" என்றார் ஈனமான குரலில். "எங்ககிட்ட வாங்குன எட்டு மில்லிமீட்டர் முதல்தரக் காயையா கலந்தீங்க?" குடி, அடி, கடத்தல் எல்லாவற்றுக்கும் பரலோகத்தில் மன்னிப்பு இருந்தது. இதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. கூட்டத்தை ஜெபத்தோடு முடித்தார். ஜெபத்தில் என் பெயர் வரவில்லை.

திரும்பும் வழியில் பூப்பாறை வந்தது. அங்கே ஜெபா கைக்குட்டையை அவிழ்த்துத் தோட்டைப் போட்டுக்கொண்டே, "கடத்தல்காரரே, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோமா?" என்றாள். அம்மா சிரித்தாள். கொஞ்சநேரம் தாங்கிப் பார்த்தேன், பிறகு நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய சபை போயிற்று. பழைய சபையில் எப்போதோ பெயரை அடித்திருப்பார்கள். அம்மாவின் இடம்?

அடுத்த ஞாயிறு, விடியற்காலத்து முதல் ஆராதனை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் கோவிலுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன், அம்மாவை வீட்டில் காணவில்லை, தேடவும் நேரமில்லை. ஐயர் வாசலில் நின்று ஆட்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி ஆள் போகும்வரை காத்திருந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

"ஐயர், எங்க பேரை அடிச்சிட்டீங்களா?"

"எதுக்கு அடிக்கணும்?"

"அறுப்பின் பண்டிகையில நான் சொன்னேனே."

"ஓ, அதுவா?" என்று கண்ணாடியைத் துடைத்தார். "அதை நான் அப்படியே எடுத்துக்கல தம்பி. உவமையாத்தான் எடுத்துக்கிட்டேன்."

அவர் தொடர்ந்தார். "உங்க வீட்டுல இருந்து ஆள் வராம இருந்தாத்தான அடிக்கிறதுக்கு? உங்கம்மா ஒரு ஞாயிறு தவறாம முதல் ஆராதனைக்கு வாராங்க. முடிஞ்சதும் பின்னால போய்க் களை பிடுங்கிட்டு, 'எம் மவன் எந்திரிச்சிருவான், சபை தேடக் கூட்டிட்டுப் போகணும்'னு அவசரமா ஓடுவாங்க."

செருப்பில் ஒட்டியிருந்த ஈரப் புல் எந்தப் புல் என்று அப்போதுதான் உறைத்தது. கோவிலைச் சுற்றிப் பின்னால் போனேன். அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் பூராவும் பயந்தது, வெட்கப்பட்டது எல்லாம் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி என்று சொன்னேன். "மாத்திரை போடு" என்றாள் நிமிராமல்.

அன்றிலிருந்து அதே கோவில்தான், அதே ஐயர்தான். யோனாவை மீன் விழுங்கியது என்றுதான் இன்றும் நம்புகிறேன், அதில் அவருக்கும் எனக்கும் சண்டை ஓயவில்லை. பூக்களத்தைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். காயை இப்போது நெடுங்கண்டத்தில் வாங்குகிறேன், கலப்பதில்லை. கலந்தால் அம்மா எந்தச் சன்னலிலிருந்து பேசுவாள் என்று சொல்ல முடியாது. எப்போதாவது கம்பம் பக்கம் போனால் செக்போஸ்ட்டில் பாபு பிரதர் என் வண்டியை மட்டும் குறிப்பாக நிறுத்துவார். சாக்கை அவிழ்த்து, ஒரு கை அள்ளி முகர்ந்து, "கஞ்சா இல்லல்லோ? பழைய காய் உண்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கை குலுக்குவார். வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், "அப்பா சாட்சி சொல்றாரு" என்று என் மகள் ஆரம்பித்துவிடுவாள். அவள் அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் நேரில் பார்த்தவள் மாதிரிச் சொல்வாள்.

போன கல்லறைத் திருநாளில் அம்பாசமுத்திரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அம்மா அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், செவ்வந்தி வைத்து, முறையாகச் சுற்றிக் காட்டினாள்.

"இது எங்க வீட்டுக்காரரு. இது என் இடம். அதுக்கடுத்தாப்புல இருக்கே, அது கஞ்சா வியாபாரிக்கு" என்றாள்.

விருந்தாளிகள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் இடத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.